மறு: பொலோனியா ரகூ – 'டீகிளேஸ்' தமிழில் எப்படி?

வணக்கம். இத்தாலியின் பொலோனியா நகரத்து இறைச்சிக் குழம்பான ரகூவின் செய்முறையில் 'டீகிளேஸ்' என்று ஒரு சொல் வருகிறது. வறுத்த சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை ஒயின் போன்ற நீர்மம் ஊற்றிக் கரைத்தெடுப்பது அது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'டீ' என்றால் நீக்கம், 'கிளேஸ்' என்றால் மெருகு. 'மெருகுநீக்கம்' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, இதைப் படிக்கிற சமையல்காரர் சட்டியைத் தேய்க்கப் போய்விடுவார். இங்கே எதையும் நீக்குவதில்லை. ஒட்டியிருப்பது எல்லாம் குழம்புக்குள்தான் போகிறது. சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'கிளாஸ்' என்பதற்குப் பனிக்கட்டி, கண்ணாடி, சுண்டவைத்த இறைச்சிச் சாறு எனப் பல பொருள் உண்டு. அந்தக் கடைசிப் பொருளை விட்டுவிட்டு மெருகைப் பிடித்துக்கொண்டால் வம்புதான்.

அடுப்படிக்கே போய்ப் பார்ப்போம். 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலியச் சமையல் அகாதமி பொலோனியா வணிகச் சபையில் பதிவுசெய்த ரகூ செய்முறை இருக்கிறது (2023-இல் அதைத் திருத்தினார்கள்). 1982 வடிவத்தில் கொத்திய மாட்டிறைச்சி 300 கிராம், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி வயிற்றிறைச்சியான பான்செட்டா 150 கிராம், கேரட், செலரி தலா 50 கிராம், கொஞ்சம் வெங்காயம். பான்செட்டாவின் கொழுப்பு உருகியதும் காய்களைச் சிறு தீயில் வதக்கி, பிறகு இறைச்சியைப் போடுகிறார்கள்.

நமக்கு வேண்டிய இடம் இதுதான். போட்டவுடன் இறைச்சி நீர் விடும். சட்டியில் வெறும் கொதிப்புச் சத்தம் கேட்கும். நீர் இருக்கும்வரை வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டாது, இறைச்சியும் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். நீர் வற்றியதும் சத்தம் மாறி, கொழுப்பில் சடசடவெனப் பொரியத் தொடங்கும். அப்போது அடியில் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து உண்டாவது அது. மெய்யார் வினை என்று இந்தக் குழுவிலேயே முன்பு பேசியிருக்கிறோம். அரைக் கோப்பை ஒயினை ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் இளகி, ஒயின் பழுப்பாகும். ஒட்டாத சட்டியில் இது சரியாகப் பிடிக்காது. 1982 செய்முறையும் மண்சட்டி அல்லது கனமான அலுமினியச் சட்டியைத்தான் கேட்டது.

> அந்தப் படலம் நம் 'காந்தல்' தானே?

இல்லை. காந்தல் என்றாலே கருகல் வாசனை வந்துவிடுகிறது. ரகூவில் காந்தல் விழுந்தால் கசக்கும். அப்புறம் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் பயனில்லை. 'அடிப்பிடித்தல்' என்பதும் வேண்டாம், அது வீட்டில் திட்டு வாங்குகிற சொல்.

என் பரிந்துரை: படலத்துக்கு 'அடிப்பொருக்கு', செயலுக்குப் 'பொருக்குக் கரைத்தல்'. புண்ணின் பொருக்கு நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். சேறு காய்ந்தாலும் பொருக்குத்தானே? 'அடி' சேர்ந்தால் சட்டி நினைவுக்கு வந்துவிடும். செயல் நமக்குப் புதிதும் அல்ல. மீன் வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடாதவர் இந்தக் குழுவில் எத்தனை பேர்? அங்கே சோறு ஒற்றி எடுப்பதை இங்கே ஒயின் கரைத்து எடுக்கிறது.

இத்தாலியர்கள் இந்த இடத்தில் சொல்வது 'ஸ்ஃபுமாரே'. அது ஒயினை ஆவியாக விடுவதைக் குறிக்கிறது, சுரண்டுவதை அல்ல. அதற்குச் 'சுண்டவிடுதல்' ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காமல் இப்படி எழுதலாம்: "அரைக் கோப்பை ஒயின் ஊற்றி, அடிப்பொருக்கைக் கரைத்து, சுண்டவிடவும். பிறகு தக்காளிச் சாறு சேர்க்கவும்." செய்முறையில் உறுத்தாமல் உட்காருகிறது என்றே நினைக்கிறேன்.

> 'சொஃப்ரித்தோ' = தாளிப்பு?

தாளிப்பு நொடியில் முடிவது. கடுகு வெடித்தால் தீர்ந்தது. சொஃப்ரித்தோ என்பது ரகூவின் தொடக்கத்தில் கேரட், செலரி, வெங்காயத்தைக் கொழுப்பில் வதக்குவது. அது நிறம் மாறாமல் நிதானமாக வதங்க வேண்டும். 'அடிவதக்கல்' என்று இப்போதைக்குக் குறித்து வைக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.