பிரிட்ஜில் மட்டும் ஆக்டிவ் பிக்கப் போதுமா, இரண்டையும் மாற்ற வேண்டுமா?

தந்திநாதம் எழுதியது:

என்னிடம் இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) பொருத்திய மின்கிட்டார் ஒன்று எட்டு ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு பிக்கப் கழுத்துப் பக்கம் (நெக்), மற்றொன்று தந்திகள் உடலில் முடியும் பக்கம் (பிரிட்ஜ்). ஒரு வால்யூம், ஒரு டோன், மூன்று நிலைச் சுவிட்ச் ஆகியவை உள்ளன. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள பாட் (மாறும் மின்தடை) இரண்டும் 500 கிலோ ஓம். நெக் பிக்கப்பில் கெயின் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெருக்கம்) இல்லாமல் விரல்களால் ஆர்ப்பெஜியோ (தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவது) வாசிக்கும்போது வரும் ஒலி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை இழக்க மனம் வரவில்லை. ஆனால் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறி, ஆம்பில் கெயினை ஏற்றி, ஆறாவது தந்தியை உள்ளங்கையால் அடக்கி வேகமாக அடித்தால், ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றோடொன்று குழைந்துவிடுகிறது. கையை எடுத்ததும் ஹம் இரைச்சலும் எழுகிறது.

பிரிட்ஜில் மட்டும் இஎம்ஜி நிறுவனத்தின் 81 என்ற ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பிக்கப்பைப் பொருத்தி, நெக்கில் இப்போதிருக்கும் பாசிவ் (பேட்டரி வேண்டாத) பிக்கப்பை அப்படியே விட்டுவிட எண்ணுகிறேன். இது நடைமுறையில் சரிவருமா? சால்டரிங் ஓரளவு தெரியும்.

பட்டறைக்காரன் பதில்:

உங்கள் கிட்டாரில் ஒரே வால்யூம் பாட் இருப்பதால், நீங்கள் நினைக்கும் அமைப்பு சரிவராது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும்.

பாசிவ் பிக்கப்பின் சுருளில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கும். அதனால் அதன் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) மிக அதிகம். அதற்குப் பின்னால் வரும் எதுவும் அதன் ஒலியைப் பாதிக்கும். நீளமான கேபிள் போட்டால் மேல் அதிர்வெண்கள் மங்குவது இதனால்தான். ஆக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு, காந்தத்தின் இழுவிசையும் குறைவு. கிடைக்கும் சிறு சமிக்ஞையை பிக்கப்புக்குள்ளேயே எப்பாக்ஸியில் புதைந்திருக்கும் ப்ரீஆம்ப் என்ற சிறு மின்சுற்று பெருக்கி, சுமார் 10 கிலோ ஓம் மின்மறுப்பில் வெளியே அனுப்புகிறது. ஆகவே அதற்கு 25 கிலோ ஓம் பாட் பொருத்தம்.

இப்போது இரண்டையும் ஒரே பாட்டில் இணைத்துப் பாருங்கள். 25 கிலோ ஓம் போட்டால், உங்களுக்குப் பிடித்த அந்த நெக் பிக்கப்பின் மேல் அதிர்வெண்களை அது விழுங்கிவிடும். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். 500 கிலோ ஓமை அப்படியே விட்டால், முழு வால்யூமில் 81 நன்றாகவே ஒலிக்கும். ஆனால் வால்யூமைக் குறைக்கும்போது பாட்டின் வெளிமின்மறுப்பு 125 கிலோ ஓம் வரை ஏறும். ஆக்டிவ் பிக்கப் வாங்கியதன் பயனே அங்கே போய்விடும். 25 கிலோ ஓம் பாட்டில் இந்த அளவு 6 கிலோ ஓமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 500 கிலோ ஓம் டோன் பாட்டும் கடைசிச் சிறு திருப்பத்தில் மட்டுமே வேலை செய்யும். இவை போக, சுவிட்சை நடுநிலையில் வைத்தால் 81-இன் குறைந்த மின்மறுப்பு பாசிவ் பிக்கப்பைத் தரையோடு இழுத்துவிடுவதால், நெக் ஒலி ஏறக்குறைய காணாமல் போகும்.

கலந்து வைத்தே தீர வேண்டுமென்றால், பாசிவ் பிக்கப்புக்குப் பின்னால் ஒரு சிறு பஃபர் பலகையைச் சேர்த்து, 81-ஐ இயக்கும் அதே 9 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, சுவிட்சுக்குப் போகும் முன்பே அதன் மின்மறுப்பைக் குறைத்துவிடலாம். பிறகு பாட் எல்லாம் 25 கிலோ ஓம். நெக் ஒலி உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் இது நேர்மையான வழி. வேலை கொஞ்சம் கூடும்.

மேடைவாசி பதில்:

பட்டறைக்காரன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் பிக்கப் வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்: ஆம்பின் கெயினை இப்போதிருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து, பிரிட்ஜ் பிக்கப்பின் ஆறாவது தந்திப் பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் இறக்கி, அதே வாசிப்பை மீண்டும் வாசித்துப் பாருங்கள். அடிகள் குழைவதில் பாதி கெயினின் குற்றமாக இருக்கலாம். ஆக்டிவ் பிக்கப் ஹம்மைக் குறைக்கும். அதிக கெயினில் ஆம்ப் தானாக எழுப்பும் ‘உஸ்’ என்ற இரைச்சலை அது தீர்க்காது.

அதன் பிறகும் மாற்றுவதென்றால், இரண்டையும் மாற்றுங்கள் என்பதே என் கருத்து. பிரிட்ஜுக்கு 81 சரியான தேர்வுதான். அதன் செராமிக் காந்தம் தரும் கூர்மை, அடக்கி அடிக்கும் வாசிப்புக்கென்றே அமைந்தது போலிருக்கும். நெக்குக்குப் பலரும் யோசிக்காமல் அதே இஎம்ஜியின் 85 வாங்குகிறார்கள். 81-உம் 85-உம் சேர்ந்த அமைப்பு மெட்டல் கிட்டார் கலைஞர் ஜாக் வைல்டால் புகழ்பெற்றது, மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு நெடுங்காலம் வாசித்தது 81-உம் இஎம்ஜியின் 60-உம். 85-இல் அல்னிகோ காந்தம். தடித்த, உருண்ட ஒலி, ஓவர்டிரைவில் லீட் வாசிக்க அருமை. ஆனால் கெயின் இல்லாத ஆர்ப்பெஜியோவில் நெக் இடத்தில் அதன் கீழ்நடு அதிர்வெண்கள் திரண்டு, மூன்றாவது, நான்காவது தந்திகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை நான் கேட்டிருக்கிறேன். 60 அந்த இடத்தில் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு தந்தியும் தன் இடத்தில் நிற்கும். நீங்கள் விவரித்த வாசிப்புக்கு 60-ஐயே சொல்வேன்.

ஆக்டிவ் என்றால் மெட்டல் மட்டும்தான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோரின் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இருந்தவையும் இஎம்ஜியின் எஸ்ஏ என்ற ஆக்டிவ் பிக்கப்புகள்தாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரே பிக்கப்பில் இரண்டு குரல் வேண்டுமென்றால் ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் என்ற ஆக்டிவ் பிக்கப்பையும் கேட்டுப் பாருங்கள். அதில் கம்பிச் சுருளுக்குப் பதிலாக அடுக்கடுக்கான அச்சுப் பலகைகள் இருக்கின்றன. ஆனால் அது பேட்டரியைப் பல மடங்கு வேகமாகத் தீர்க்கும்.

ஒன்றை என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். கேபிளைக் கிட்டாரிலேயே செருகி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒரு மேடையில், இரண்டாவது பாடலின் நடுவே, ஒலி முதலில் மெலிந்து, பிறகு கிழிந்த காகிதம்போல் கரகரத்தது. ஆம்ப் பழுது என்று நினைத்து அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டே பாடலை முடித்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது. அன்றிலிருந்து வாசித்து முடித்தவுடன் கேபிளை உருவிவிடுகிறேன்.

தந்திநாதம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கெயினைக் குறைத்தும் பிக்கப்பை இறக்கியும் பார்த்தேன். மேடைவாசி சொன்னது போலவே பாதிக் குறை நீங்கியது. மீதிப் பாதியும் ஹம்மும் இன்னும் இருக்கின்றன. எனவே பிரிட்ஜில் 81, நெக்கில் 60 என்று முடிவு செய்துவிட்டேன். பழைய நெக் பிக்கப்பைப் பத்திரமாக எடுத்து வைப்பேன். பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை என்ன? 18 வோல்ட் அமைப்பு தேவையா?

பட்டறைக்காரன் பதில்:

நல்ல முடிவு. முதலில் பாட்களை மறைக்கும் மூடியைக் கழற்றி, பேட்டரிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்களுக்கு அருகில் இடமில்லையென்றால், உங்கள் கிட்டாரில் ட்ரெமோலோ (பிரிட்ஜை அசைக்கும் அமைப்பு) இருந்தால், அதன் ஸ்பிரிங் பள்ளத்தில் வைக்கலாம். மெல்லிய ஸ்பாஞ்சைச் சுற்றிவிட்டால் ஆடிச் சத்தமிடாது. உடலின் மேற்பரப்பு வளைந்த தடித்த மரமென்றால், நீண்ட தண்டுள்ள பாட் வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் பலர்.

இப்போதிருக்கும் மோனோ ஜாக்கை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ ஜாக் பொருத்துங்கள். அதில் டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று முனைகள் இருக்கும். பேட்டரியின் கறுப்புக் கம்பி ரிங் முனைக்குப் போகும். எர்த் ஸ்லீவுக்கு, சமிக்ஞை டிப்புக்கு. சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் தண்டு ரிங்கையும் ஸ்லீவையும் இணைப்பதால் மின்சாரம் ஓடத் தொடங்கும். அதனால்தான் கேபிளை உருவ வேண்டும் என்று மேடைவாசி சொன்னார். கறுப்புக் கம்பியைத் தவறி ஸ்லீவில் பற்றவைத்துவிட்டால், கேபிள் இல்லாதபோதும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

81 பிக்கப் எடுக்கும் மின்னோட்டம் 80 மைக்ரோ ஆம்பியர். 60-உம் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு சாதாரண ஆல்கலைன் பேட்டரி, கணக்குப்படி, மூவாயிரம் மணி நேரம் வரை தாங்கும். செருகியே வைத்தால் அது நான்கு மாதம்தான்.

அடுத்து, பிரிட்ஜின் அடியிலிருந்து பாட்டின் முதுகுக்கு வரும் எர்த் கம்பியைக் கவனியுங்கள். இரண்டு பிக்கப்பும் இஎம்ஜி ஆகும்போது அதற்கு வேலையில்லை. ஹம்மைத் தடுக்கும் கவசம் பிக்கப்புக்குள்ளேயே இருக்கிறது. பாட் முனையில் கழற்றி, நுனியை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, பள்ளத்திலேயே மடித்து வைத்துவிடுங்கள். வெட்டி எறிய வேண்டாம். என்றாவது பழைய பிக்கப்பைத் திரும்பப் பொருத்தினால் அது வேண்டியிருக்கும். டோன் கெபாசிட்டரையும் 0.1 மைக்ரோ ஃபாரடுக்கு மாற்றுங்கள். 500 கிலோ ஓம் பாட்டோடு பொதுவாக வரும் 0.022 இங்கே போதாது.

18 வோல்ட்டைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் ப்ரீஆம்ப் தாங்கக்கூடிய சமிக்ஞையின் உச்ச அளவு கூடும். பலமாக அடிக்கும்போது ஒலியின் உச்சி நசுங்காது. 81 அதைத் தாங்கும். ஆனால் பிக்கப் தந்திக்கு மிக அருகில் இருப்பதால் வரும் நசுங்கலுக்கும் சிலர் 18 வோல்ட்டே மருந்து என்று எண்ணுகிறார்கள். காந்தத்தின் இழுவிசை குறைவு என்பதால் தந்தியை இழுத்து அதிர்வைக் கெடுக்கும் அச்சமின்றி இந்த பிக்கப்புகளை அருகில் ஏற்றலாம் என்பது உண்மைதான். என்றாலும் கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி பிரிட்ஜில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள். நெக்கில் தந்தியின் வீச்சு பெரிது, ஆகவே 60-ஐ இன்னும் சற்று இறக்கி, சுவிட்சை மாறி மாறித் தட்டி, இரண்டின் சத்தமும் சமமாகும்வரை அரைத் திருப்பம் அரைத் திருப்பமாக ஏற்றி இறக்குங்கள். அதற்குப் பிறகும் ஆறாவது தந்தியின் அடி நசுங்கினால் மட்டும் இரண்டாவது பேட்டரிக்கு இடம் தேடலாம்.