பாலத்தின் ஆட்டத்தை அளக்க கேமரா டோட்டல் ஸ்டேஷன் போதுமா?

கரைமேல் நிற்பவன்:
எங்கள் சர்வே பிரிவில் தொலைநோக்கிக்குள்ளேயே கேமரா உள்ள டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் சர்வே கருவி) வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. என் ஓட்டு வாங்கு என்பதற்குத்தான். இதுவரை ரயில்வே பாலத்தின் கர்டரில் (பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரத்தில்) ஆக்சிலரோமீட்டர் என்ற அதிர்வு சென்சாரைப் பொருத்த, இரண்டு ரயில்களுக்கு நடுவே ஏறி, வயர் இழுத்து, அடித்துப் பிடித்து இறங்கிவர வேண்டும். இந்தக் கருவி இருந்தால் கரையில் நின்றபடியே கர்டரின் ஒரு ரிவெட்டைக் குறிவைத்து வீடியோ எடுக்கலாம். ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசமும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். இனி எதற்கு ஆக்சிலரோமீட்டர்?

பழைய தியோடலைட்:
தம்பி, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆற்று மணலுக்கு மேலே தொலைநோக்கி வழியே பார்த்திருக்கிறீர்களா? கானலில் ரிவெட் தானாகவே நடனமாடும். அதையும் பாலத்தின் அதிர்வு என்றுதான் உங்கள் மென்பொருள் எழுதும்.

கரைமேல் நிற்பவன்:
சரி ஐயா, அதிகாலையில் எடுக்கிறேன். கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் தூரத்தில் ஒரு விகலைக் கோணம் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒரு பிக்சல் இரண்டு விகலை என்று வைத்தால் 1 மி.மீ. படங்களை ஒப்பிடும் முறையில் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை பிரிக்கலாம், அதாவது 0.1 மி.மீ. சாதாரண வீடியோ கேமராவில் பிக்சலை மில்லிமீட்டராக மாற்ற அளவுகோல் கிடையாது. இதில் கோணமும் தூரமும் கருவியே தந்துவிடுகிறது.

அதிர்வெண்:
நான் கட்டமைப்புப் பொறியாளன், நடுவில் புகுகிறேன். கணக்கு சரி, ஆனால் அது பாதிதான். உங்கள் கேமரா நொடிக்கு எத்தனை படம் எடுக்கும்? 10 என்றால், 12 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 12 முறை, அதிரும் கர்டர் உங்கள் வரைபடத்தில் 2 ஹெர்ட்ஸ் என்று சாதுவாகத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழலுமே, அதே ஏமாற்றுதான். அளக்க வேண்டிய அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் படம் வேண்டும். நான் நாலைந்து மடங்காவது கேட்பேன்.

ஆனால் ஆக்சிலரோமீட்டரையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அது முடுக்கத்தை அளக்கிறது. இடப்பெயர்ச்சி வேண்டுமென்றால் இரண்டு முறை தொகையிட வேண்டும், அதற்குள் பிழை வளர்ந்து எங்கோ போய்விடும். ரயில் ஏறும்போது கர்டர் எவ்வளவு மெதுவாகத் தொய்ந்து மீள்கிறது என்று அது சொல்லாது. கேமரா சொல்லும்.

லண்டனில் உள்ள மில்லேனியம் நடைபாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 ஜூன் 10-இல் திறந்து, இரண்டே நாளில் மூடினார்கள். நடப்பவர்கள் தங்களை அறியாமலே ஆட்டத்துக்கு ஏற்ப அடி வைக்க, பக்கவாட்டு ஆட்டம் 70 மி.மீ வரை போனது. அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் அளவு அல்லது அதற்கும் கீழே. மெதுவான, பெரிய ஆட்டம். கேமராவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. தூண்களுக்கு நடுவே தூரம் குறைந்த, வேகமாக அதிரும் இரும்புக் கர்டரில் அந்த வசதி கிடையாது.

பழைய தியோடலைட்:
இன்னொன்று. கேமரா தன் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கான அசைவைத்தான் பார்க்கும். பாலத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் மேல்-கீழ் தெரியும், பக்கவாட்டு ஆட்டம் தெரியாது. அதைப் பார்க்கப் பாலத்தின் நேர்கோட்டில் நிற்க வேண்டும், அங்கே இடம் கிடைத்தால்.

கரைமேல் நிற்பவன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படம் என்பது சாட்சி இல்லையா? எண்ணை மட்டும் தரும் சென்சாரில் அது எங்கே?

பழைய தியோடலைட்:
சாட்சியா? அமெரிக்காவின் மினியாபொலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1-இல் விழுந்து 13 பேர் இறந்தார்கள். இரும்புச் சட்டத்தின் சில கணுக்களில் உறுப்புகளை இணைத்த கஸ்ஸெட் தகடுகள் அரை அங்குலம்தான், வேண்டிய தடிமனில் பாதி. அவற்றில் சில வளைந்திருந்தது 2003-இல் எடுத்த புகைப்படங்களிலேயே தெரிகிறது. படம் இருந்தது. யாரும் அதைப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை.

கரைமேல் நிற்பவன்:
நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குத்தான் சாதகம்! அவை கையில் பிடித்து எடுத்த படங்கள். எங்கிருந்து, எந்தக் கோணத்தில் என்ற கணக்கு படத்தோடு வராது. டோட்டல் ஸ்டேஷனில் ஒவ்வொரு படத்துக்கும் திசை உண்டு. அடுத்த ஆண்டு அதே புள்ளிக்குப் போய் அதே ரிவெட்டை எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று கேட்கலாம்.

அதிர்வெண்:
இந்த வாதத்தை ஏற்கிறேன். அதிர்வு அளப்பதைவிட இந்த ஆண்டுக்கணக்கு ஒப்பீட்டுக்காகவே வாங்கலாம். ஆனால் அளவு அதிர்வுக்கு என்றால், ஒரு ஆக்சிலரோமீட்டராவது மேலே இருக்கட்டும்.

பழைய தியோடலைட்:
நான் ஒருமுறை ஒரு கன்சல்டன்ட் அறிக்கையைச் சரிபார்த்தேன். பாலம் சாயங்காலத்துக்குள் 4 மி.மீ இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் முக்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கியிருந்தது. பாலம் பாவம், சும்மா இருந்தது. ரயில் போகும்போது கரையும் அதிரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கரைமேல் நிற்பவன்:
அதற்கு வழி உண்டு ஐயா. அசையாத ஒரு பொருளையும் அதே படத்துக்குள் கொண்டுவந்து, அதன் அசைவைக் கழித்துவிடலாம்.

பழைய தியோடலைட்:
எதிர்க்கரையில் அசையாதது எது? மரமா? கோயில் கோபுரம் இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அதிகாலை 5 மணிக்கு, முக்காலிக்குக் கீழே காங்கிரீட் போட்ட பிறகு.

கரைமேல் நிற்பவன்:
கோபுரம் இல்லை. ஒரு பழைய பம்ப் ஹவுஸ் இருக்கிறது. ஆனால் அதன் மோட்டார் ஓடும்.

அதிர்வெண்:
அப்படியானால் அதன் அதிர்வெண்ணையும் சேர்த்து அளந்துகொண்டு வாருங்கள்.