மறு: ரெஜிஸ்ட்ரன்ட் என்பதற்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

நேற்று இரவு வரை வந்த மடல்களைப் படித்துவிட்டேன். இணையத்தளப் பெயர் ஒன்று யாருக்காகப் பதியப்படுகிறதோ அவர்தான் ரெஜிஸ்ட்ரன்ட். அதற்குப் பதிவர், பதிவுநர், பதிவுதாரர், பட்டாதாரர், பெயருரியவர் ஆகியவை இதுவரை வந்தவை. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பெயர்தாரர்.

காரணங்களுக்குப் போகும் முன், இந்தச் சொல் யாருக்கு வேண்டும் என்பதைப் பேசிவிடுகிறேன். நான் எழுதிக்கொண்டிருப்பது சிறுதொழில் தொடங்குவோருக்கான கையேடு. படிக்கப்போகிறவர் மசாலாப் பொடி அரைப்பவராக இருக்கலாம், தையற்கடை வைத்திருப்பவராக இருக்கலாம். "வெப்சைட் போட்டாச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் கொடுத்த ஒரே தொகைக்குள் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன: டொமைன் எனப்படும் களப்பெயர் (தளத்தின் இணைய முகவரி), பக்கங்களை வைக்கும் வழங்கியில் (சர்வரில்) இடம், அப்புறம் அந்தப் பக்கங்கள். இடத்தை மாற்றிக்கொள்ளலாம். பக்கங்களைத் திரும்பச் செய்யலாம். களப்பெயர் கைவிட்டுப் போனால் லேபிள், பை, கடைப்பலகை, மின்னஞ்சல் முகவரி என்று அச்சடித்த அத்தனையும் வீண். அந்தப் பெயர் யாருடையது என்பதைத் தீர்மானிப்பது படிவத்தில் உள்ள ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் தலைப்பைத்தான் நாம் தமிழாக்குகிறோம்.

என் மைத்துனர் காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் தொடங்கியபோது, தளம் செய்துகொடுத்தவர் களப்பெயரைத் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லா வாடிக்கையாளர்களின் பெயர்களையும் ஒரே கணக்கில் வைத்துக்கொள்வது அவருக்கு வசதி. பிறகு அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு, களப்பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி ஒன்று உண்டு: காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும், காலாவதியான 5 நாளுக்குள் இன்னொன்றும். எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன, அவருடைய அஞ்சல்பெட்டிக்கு. மைத்துனருக்கு விஷயம் தெரிந்தது, தளம் திறக்கவில்லை என்று திருப்பூர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்தபோதுதான்.

பதிவு நிறுவனத்தைக் கூப்பிட்டால், "கணக்கில் உங்கள் பெயர் இல்லையே" என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரி. மைத்துனர் கையில் இருந்தது தளம் செய்தவர் கொடுத்த ரசீது. அது களப்பெயருக்கான சான்று ஆகாது. நல்லவேளை, காலாவதியாகி நீக்கப்பட்ட பெயரைக் கட்டணம் கட்டித் திரும்பப் பெறும் மீட்புக் காலம் முடியவில்லை. அது 30 நாள். அதற்குப் பிறகு நீக்கத்துக்காகக் காத்திருக்கும் 5 நாள். அதுவும் போனால் உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸாப்பில் ஆளைப் பிடித்து, அவர் வழியாகவே மீட்புக் கட்டணம் கட்டி, பெயரை மாற்றி எழுத வைத்தோம்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> பதிவர் என்றால் சுருக்கமாக இருக்குமே?

சுருக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லை வலைப்பதிவு எழுதுபவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். பதிவர் சந்திப்புக்குப் போய் வந்தவர்களே இந்தக் குழுவில் பாதிப்பேர்!

> அனுப்புநர், பெறுநர் போலப் பதிவுநர்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது இது. ஓசை அழகு. அனுப்புநர் அனுப்புகிறவர், பெறுநர் பெறுகிறவர். அந்தக் கணக்கில் பதிவுநர் பதிவு செய்கிறவர் ஆகிறார். பதிவு செய்வது யார்? கடைக்காரர் கேட்கிறார், பதிவு நிறுவனம் பதிகிறது. ரெஜிஸ்ட்ரன்ட், ரெஜிஸ்ட்ரார் (பதிவு நிறுவனம்) இருவரில் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் சொல், இருவரையும் பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் உதவாது. ரெஜிஸ்ட்ராருக்குப் "பதிவாளர்" ஏற்கெனவே ஊன்றிய சொல். பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், கூட்டுறவுச் சங்கங்களுக்கு இருக்கிறார், நிலம் வாங்கினால் சார்பதிவாளர். இலங்கையில் பதிவாளர் நாயகம். அதை நாம் தொட வேண்டாம்.

பதிவுதாரர்தான் எனக்கு உண்மையிலேயே சிக்கலைக் கொடுத்தது. நல்ல சொல், உயிரோடு இருக்கும் சொல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் கொடுத்தவர்களை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். அங்கே 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் மூப்பு போய்விடும் என்பது தமிழ்நாட்டில் பட்டம் வாங்கிய எல்லாருக்கும் தெரியும். ஆகவே "புதுப்பிக்க வேண்டியவர்" என்ற நினைவும் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. இவ்வளவு இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? பதிவாளர், பதிவுதாரர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "பதிவாளரிடம் பதிவுதாரரின் பதிவு விவரத்தைப் பதிவுசெய்க." இதைத் தொலைபேசியில் ஒருவர் படித்துக்காட்ட, இன்னொருவர் எழுதிக்கொள்ள வேண்டும். கூடவே, ஒரு முடிவின் கீழுள்ள எல்லாப் பெயர்களுக்கும் பேரேடு வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குப் "பதிவகம்" வேறு வரும். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒரே வேரில் நிற்பதுதான் குழப்பத்துக்கே காரணம். அந்தக் குழப்பத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டுமா?

> நிலத்துக்குப் பட்டா இருப்பது மாதிரிதானே? பட்டாதாரர் என்றால் கிராமத்தில்கூடப் புரியும்.

புரியும். தவறாகவும் புரியும். பட்டாவை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிப்பதில்லை. களப்பெயரை யாரும் நிரந்தரமாக வாங்க முடியாது. டாட் காம், டாட் இன் எதுவானாலும் அதிகபட்சம் 10 ஆண்டு வரைதான் முன்பணம் கட்டி வைத்துக்கொள்ளலாம். "சொந்தமாக வாங்கிட்டேன்" என்று நினைத்துப் புதுப்பிக்காமல் விடுகிறவர்களுக்குப் பட்டா என்ற சொல்லே துணை போகும். பெயருரியவர் என்பதிலும் எனக்குள்ள தயக்கம் இதேதான். கூடவே, "முத்து என்ற பெயருக்குரியவர்" என்பது போல ஆளின் பெயரைச் சுட்டுகிற மயக்கமும் உண்டு.

இனி பெயர்தாரர்.

பதிவு நிறுவனங்களோடு ஐகேன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் படித்தால், ரெஜிஸ்ட்ரன்ட் என்று நாம் சொல்லும் ஆளை அது "ரெஜிஸ்டர்டு நேம் ஹோல்டர்" என்றே குறிக்கிறது. உரிமையாளர் என்ற சொல்லைத் தவிர்த்து, பெயரை வைத்திருப்பவர் என்று நிறுத்திக்கொண்டார்கள். நமக்கு வேண்டிய அளவும் அதுவே. அட்டை வைத்திருப்பவர் குடும்ப அட்டைதாரர், சந்தா கட்டுபவர் சந்தாதாரர், குத்தகைக்கு எடுத்தவர் குத்தகைதாரர். தாரர் என்றாலே ஒரு நிபந்தனையின் பேரில் கையில் வைத்திருப்பவர் என்ற வாடை வருகிறது. சந்தா நின்றால் சந்தாதாரர் இல்லை. கட்டணம் நின்றால் பெயர்தாரரும் இல்லை.

தாரர் பாரசீக ஒட்டு என்று மதுரை ஐயா வருத்தப்படுவார், தெரியும். ஐயா, மனுதாரர் இல்லாமல் நம் ஊரில் நீதிமன்றம் நடக்காது. தனித்தமிழாகப் "பெயராளர்" போட்டுப் பார்த்தேன். பேச்சில் அது பேராளர் ஆகிவிடும். பேராளர் மாநாட்டுக்குப் போகிறவர். எழுத்தில் பார்த்தால் பெயரளவுக்கு ஆள் என்று தொனிக்கிறது. தன் களப்பெயருக்கு நம் கடைக்காரர் அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடு.

> மக்கள் டொமைன் என்றே சொல்கிறார்கள். ரெஜிஸ்ட்ரன்ட்டும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே.

டொமைன் பேச்சில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கையேட்டில் களப்பெயர் என்று எழுதினாலும் முதல் இடத்தில் "டொமைன் எனப்படும்" என்று சேர்த்துத்தான் எழுதுகிறேன். (எங்கள் பக்கம் களம் என்றால் கடலை காயப்போடும் இடம். அந்த விவாதத்தை முன்பே முடித்துவிட்டோம், மறுபடி திறக்க வேண்டாம்.) ஆனால் ரெஜிஸ்ட்ரன்ட் என்று எந்தக் கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தளம் செய்பவர்கள்கூட அதை வாயால் சொல்வதில்லை. புழக்கத்தில் உள்ள சொல்லை விரட்டுவது கடினம். இங்கே விரட்ட ஒன்றுமே இல்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தவை, கையேட்டுக்காக:

"களப்பெயர் எடுக்கும்போது பெயர்தாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கட்டும். தளம் செய்துகொடுப்பவரைத் தொழில்நுட்பத் தொடர்பு என்ற இடத்தில் சேர்க்கலாம்."

"பெயர்தாரரின் மின்னஞ்சலைச் சரிபார்க்கும்படி பதிவாளரிடமிருந்து மடல் வரும். 15 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் களப்பெயர் நிறுத்தி வைக்கப்படலாம்."

"அதே களப்பெயரில் முடியும் மின்னஞ்சலைப் பெயர்தாரர் முகவரியாகக் கொடுக்காதீர்கள். பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். நினைவூட்டல் எங்கே வரும்?"

மூன்றாவது வாக்கியம் சொல்லாக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் கையேட்டில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால் சேர்த்தேன்.

இன்னொரு விஷயம். முன்பெல்லாம் களப்பெயர் விவரங்களைக் காட்டும் ஹூஇஸ் தேடலில் போட்டால் பெயர்தாரர் யார் என்று தெரிந்துவிடும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான டாட் காம் பெயர்களுக்கு அந்த விவரம் மறைக்கப்பட்டே வருகிறது. வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கணக்குக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே கடைக்காரர் தளம் செய்பவரிடம் "களப்பெயருக்குப் பெயர்தாரர் யார், எனக்குத் திரையில் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்பதற்கு வாயில் வருகிற சொல்லாக இருக்க வேண்டும். பெயர்தாரர் வருகிறது என்று நினைக்கிறேன்.

மூன்றையும் சேர்த்து என் முன்மொழிவு: டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்சி போல ஒரு முடிவின் கீழுள்ள அத்தனை பெயர்களுக்கும் பேரேடு வைத்திருப்பது பதிவகம்; நமக்குப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனம் பதிவாளர்; யாருக்காகப் பதிகிறார்களோ அவர் பெயர்தாரர். நிறுவனத்தைப் போய்ப் பதிவாளர் என்பதா என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நெருடினால் பதிவு நிறுவனம் என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்ல வேண்டும். டாட் எல்கே எடுக்கும் ஒரு கடைக்காரருக்கு, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ, பெயர்தாரர் என்றால் காதில் எப்படி விழும்? பங்குதாரர் உங்களிடமும் உண்டு என்பதால் தடை இருக்காது என்று எண்ணுகிறேன், ஆனால் நீங்கள் சொன்னால்தான் உறுதி. வெள்ளிக்கிழமைக்குள் எதிர்ப்பு வராவிட்டால் கையேட்டில் இதையே போட்டுவிடுகிறேன். அடுத்த மடலில், பதிவு நிறுவனத்தின் சேவையை வாங்கி நமக்கு விற்கும் ரீசெல்லரை எடுத்துக்கொள்வோம். மறுவிற்பனையாளர் என்றால் பழைய பைக் விற்பவர் ஞாபகம் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து