உங்கள் ஃபோர்வீல் வண்டியில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பழுது எது? ஃபோர்வீல் ஓட்டுகிறவர்கள் எழுதிய பதில்கள்

சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா), செம்பனைத் தோட்டத்து கிராணி (எழுத்தர்):

எல்.என்.106 ஹைலக்ஸ் என்ற அந்தப் பழைய டொயோட்டா பிக்கப்பைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்ற மழைக்காலத்துக்கு முன், கனமான பட்டை ஸ்பிரிங்குகளைப் போட்டு என் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி, 31 அங்குல மட் டயர்களையும் மாட்டினேன். மூன்று வாரம் ஊரே என் வண்டியைப் பார்க்கிறது என்ற நினைப்பிலேயே ஓட்டினேன். பிறகு ஒரு காலை, மழை விட்ட கையோடு, குலை ஏற்றும் மேட்டிலிருந்து இறங்கும் செம்மண் சரிவில், பின்னால் ஆறு மூட்டை உரமும் இரண்டு ஆட்களும் இருக்க, பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் அப்படியே பூட்டிக்கொண்டன. பின்சக்கரங்களோ பிரேக் என்று ஒன்று இருப்பதே அறியாதவைபோல் உருண்டன. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கால்வாயை நோக்கியே வழுக்கிப் போய், அடுக்கி வைத்திருந்த செம்பனை மட்டைகளில் முட்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் நான் வித்தை காட்டியதாக எண்ணிக் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இரண்டு பட்டறைகளில் பிரேக் பேடை மாற்றினார்கள், பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தார்கள், பணத்தையும் எடுத்தார்கள். பழுது மட்டும் போகவில்லை. கடைசியில், தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, இன்னும் பழைய லயத்து வீட்டிலேயே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சாக்கை விரித்துப் பின் அச்சுக்கு அடியில் படுத்து, ஒரு மெல்லிய கம்பியை விரலால் மேலே தள்ளிக் காட்டினார். “தம்பி, வண்டி இன்னும் காலியா இருக்குன்னுதான் இந்தக் கம்பி நெனச்சிக்கிட்டிருக்கு” என்றார்.

அந்தக் கம்பி, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வைப் பின் அச்சோடு இணைக்கிறது. பாரம் ஏறி உடல் அச்சை நோக்கித் தாழும்போது வால்வு பின்சக்கரங்களுக்கு அதிக அழுத்தத்தை விடும். காலியாக நிற்கும்போது குறைத்துவிடும். நான் ஸ்பிரிங்கை மாற்றி உடலை அச்சிலிருந்து விலக்கிவிட்டதால், எத்தனை மூட்டை ஏற்றினாலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். அவர் ஒரு பட்டை இரும்பை வெட்டி, கம்பியைப் பிடிக்கும் தாங்கியை அச்சுப் பக்கம் உயர்த்தினார். பிறகு காலி வண்டியிலும் பாரத்தோடும் பிரேக் பிடித்துப் பார்த்தோம். பணம் வாங்கவில்லை, ஒரு கோப்பி ஓ மட்டும் குடித்தார். ஸ்பிரிங் மாற்றிய அன்று அந்தக் கம்பியை நானே கழற்றி மாட்டியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லாசா பக்கத்திலிருந்து:

என்னுடையது சிறிய கதை. புளுஸ் ஆற்றுக்கு மேலே உள்ள ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களுக்கு அரிசியும் சிமெண்டும் ஏற்றிப் போவது என் வேலை. ஒரு நாள் பின் டிஃபரன்ஷியலில், அதாவது பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியில், ஊளைச் சத்தம் கேட்க, அடித்திருகைக் கழற்றினால், வந்தது எண்ணெய் அல்ல, நுரையோடு தே தாரிக். வெறும் நான்கு மாதத்துக்கு முன் ஊற்றிய எண்ணெய்! அச்சுக்குள் காற்று வந்துபோகும் மூச்சுக்குழலின் மூடி சேற்றில் அடைத்துக் கிடந்திருக்கிறது. மேடேறிச் சூடான அச்சு, ஆற்று நீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே இருந்த காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. கிராணி அண்ணன் வண்டிக்குக் கம்பி; என் வண்டிக்கு விரல்நுனி அளவு மூடி. பேரிங்குகளையும் பல்சக்கரங்களையும் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் தேடி எடுக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் மேலே இருந்தவர்கள் அரிசிக்குக் காத்திருந்தார்கள்.

பாடாங் ரெங்காஸிலிருந்து:

முதலில் எழுதியவர் கம்பியின்மேல் பழி போடுகிறார், நான் ஒப்பமாட்டேன். தோட்டத்து மண்பாதைக்கு வண்டியை உயர்த்தியதே தேவையற்ற வேலை. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம் என்பதையாவது யோசித்தாரா? நானும் ஒருமுறை ஆற்று நடுவில் தண்ணீர் குடித்து நின்றுபோன இன்ஜினை அவசரத்தில் மறுபடி கிளப்பி, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டவன்தான். தண்ணீர் காற்றைப்போல் அழுந்தாது என்பதை அந்த ஒரே ‘டக்’ சத்தத்தில் கற்றேன்.

ஆகவே கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். முதல் செலவு டயருக்கு. அடுத்தது, முன், பின் டிஃபரன்ஷியல்களின் மூச்சுக்குழல்களை ரப்பர்க் குழாயால் இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை நீட்டி, நுனியில் ஒரு சிறிய டீசல் ஃபில்டரைச் செருகுவது. லாசா நண்பருக்கு இது முப்பது வெள்ளிக்குள் முடிந்திருக்கும். சேற்றில் இறங்குமுன் டயர்க் காற்றை இருபது பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் மறக்காமல் நிரப்புங்கள். டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்: 29 அங்குலத்திலிருந்து 31-க்குப் போனவருக்கு, முள் நூறைக் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 107-இல் ஓடும். இதற்குப் பிறகும் உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால், பிரேக் குழாய்கள் நீளம் போதுமா, இன்ஜின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் என்ன என்று பார்த்துவிட்டு உயர்த்துங்கள். புதைந்த வண்டியை இழுத்தெடுக்க வின்ச் போடுகிறவர்கள் இழுக்கும் கம்பிவடத்தின்மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள். அறுந்தால் அது எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுங்கை சிப்புட், முன்னாள் தோட்டத்து லேண்ட் ரோவர் ஓட்டுநரின் மகள்:

மேலே எழுதிய ஐயாவின் அறிவுரை அவர் கதையைவிட நீண்டுவிட்டது. நான் முதன்முதலில் ஹைலக்ஸை எடுத்துக்கொண்டு போனபோது, சேற்றில் புதைந்ததும் நான்கு சக்கர நெம்பைப் போட்டு அரை மணி நேரம் முறுக்கினேன். பின்சக்கரங்கள் மட்டுமே சுழன்றன. முன்சக்கர ஹப்களைக் கையால் பூட்டினால்தான் முன்சக்கரங்களுக்கு இழுவை போகும் என்பது எனக்குத் தெரியாது. வழியில் வந்த மண்டோர் ஒன்றும் பேசாமல் குனிந்து, இரண்டு முன்சக்கர ஹப்களையும் ‘லாக்’ பக்கம் திருப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தையாவது திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அப்பாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

மீண்டும் சுங்கை சிப்புட் கிராணி:

பாடாங் ரெங்காஸ் ஐயாவுக்கு: எங்கள் ஏழாம் பிளாக் பாதையில் நடுமேடு டிஃபரன்ஷியலில் இடிக்கும்; பெரிய டயர் இல்லாமல் அங்கே உரம் ஏற்ற முடியாது, அந்த டயர் பாரத்தில் உரசாமல் இருக்கத்தான் உயர்த்தினேன். ஒப்புதலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூச்சுக்குழல்களைச் சென்ற ஞாயிறு நீட்டிவிட்டேன், இருபத்திரண்டு வெள்ளி ஆனது.

அன்று பின்னால் இருந்த இருவரில் ஒருவர் அந்தச் சரிவை இப்போதும் ‘சர்க்கஸ் இறக்கம்’ என்றே சொல்கிறார். நேற்றுகூட ஏறும்போது, “கிராணி, இன்னைக்கும் அந்த வித்தையக் காட்டுவீங்களா?” என்று கேட்டார். நான் இன்னும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.