இரட்டுடுத்தின மேயரும் ஜெயிலுக்குப் போன மேயரும் ஒரே ஆளா?

கேள்வி | அலபாமாவுக்குப் புதுசு
வேலை மாறி பர்மிங்ஹாம் வந்திருக்கிறேன். ஆபீஸில் சாக்கடை பில் பற்றிப் பேச்சு எடுத்தாலே லாரி லாங்ஃபோர்ட் என்ற பழைய மேயரை இழுக்கிறார்கள். சாக்கு கட்டிக்கொண்டு ஜெபக் கூட்டம் நடத்தினவர் என்று ஒருவர், ஜெயிலுக்குப் போனவர் என்று இன்னொருவர். இரண்டும் ஒருத்தரா?

பதில் | ஹூவர்க்காரன்
ஒருத்தரேதான். முதலில் டிவி நிருபர், அப்புறம் பக்கத்து ஊரான ஃபேர்ஃபீல்டின் மேயர். அது யு.எஸ். ஸ்டீல் ஆலையை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். 1988-ல் அங்கே உட்கார்ந்தவர் 2002 வரை நகரவில்லை.

சின்ன ஊர் மேயர் என்றால் குப்பை, தெருவிளக்கு என்று இருப்பார் அல்லவா? இவர் சுற்றியிருந்த ஊர்களைக் கூட்டுச் சேர்த்து, 6 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கி, பெஸ்ஸமரில் விஷன்லேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா கட்டினார். 1998-ல் திறந்தது, 2002-ல் திவால், அடுத்த வருஷம் சுமார் 52 லட்சம் டாலருக்குக் கைமாறியது. வேடிக்கை என்னவென்றால், பூங்கா படுத்த அதே 2002-ல்தான் ஜனங்கள் இவரை ஜெஃபர்சன் கவுண்டி கமிஷனுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, பர்மிங்ஹாமும் அதற்குள்தான்; கமிஷன் அதை நிர்வகிக்கும் சபை. தலைவர் நாற்காலியும் கிடைத்தது.

2007-ல் பர்மிங்ஹாம் மேயர். 2020 ஒலிம்பிக்ஸை இங்கே கொண்டுவருவேன் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு பச்சை வெள்ளை நிறக் குட்டி லேப்டாப் 15,000 வாங்கினார். ஊரில் கொலை கூடிப்போனதும், 2008 ஏப்ரலில், பைபிளில் வரும் நினிவே ராஜா மாதிரி இரட்டு, அதாவது சாக்குத் துணி, உடுத்திச் சாம்பல் பூசி ஜெபிக்க வாருங்கள் என்று ஊரையே கூப்பிட்டார். போதகர்களும் சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். மற்ற நாளெல்லாம் மனுஷன் விலை உயர்ந்த கோட்டு சூட்டில்தான் இருப்பார். அந்தத் துணிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் பிறகு கேஸே.

என்னைக் கேட்டால், அவருடைய கிறுக்குத்தனம் எதுவும் ஒளிவுமறைவானது இல்லை. எல்லாம் மைக் முன்னால் நடந்தது. திருட்டு நடந்தது யாரும் படிக்காத கடன் பத்திரங்களில். கவுண்டியின் சாக்கடைக் கடனை மாறும் வட்டிக்கு மாற்றினார்கள், அதன்மேல் 'ஸ்வாப்' ஒப்பந்தங்கள், அதாவது ஒரு வகை வட்டியை இன்னொரு வகையோடு மாற்றிக்கொள்ள வங்கிகளோடு செய்யும் ஏற்பாடுகள், போட்டார்கள். அந்த வேலை பில் பிளவுண்ட் என்ற நண்பரின் கம்பெனிக்கும் போனது. பதிலுக்கு லாங்ஃபோர்டுக்கு ரொக்கம், ரோலெக்ஸ் வாட்ச், துணிக்கடை பாக்கி எல்லாம் சேர்த்து 2,35,000 டாலர் அளவுக்கு வந்தது. 2009 அக்டோபரில் 60 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. 15 வருஷம் தண்டனை.

பதில் | வரிசைப்படி
அண்ணன் சொன்னது சரி, ஆனால் பழி முழுவதையும் லாங்ஃபோர்ட் தலையில் கட்டக் கூடாது. கழிவுநீர் அப்படியே கஹாபா ஆற்றில் போகிறது என்று வழக்காகி, 1996-ல் நீதிமன்ற உடன்படிக்கை வந்தது. குழாய்களைச் சீரமைக்கக் கடன் வாங்கத் தொடங்கியது அப்போதுதான், இவர் கமிஷனுக்கு வருவதற்கு முன்பே. அந்த வேலையிலும் லஞ்சம் புகுந்து பலர் உள்ளே போனார்கள். 2008 நெருக்கடியில் மாறும் வட்டி எகிறியது. 2009-ல் அந்த ஸ்வாப்களைப் போட்ட ஜே.பி. மார்கன் வங்கி 64.7 கோடி டாலர் ஸ்வாப் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, கவுண்டிக்கு 5 கோடி, அபராதம் 2.5 கோடி கட்டியது. 2011-ல் கவுண்டி திவால் மனு போட்டபோது கடன் சுமார் 400 கோடி. டெட்ராய்ட் நகரம் முந்தும்வரை நாட்டின் உள்ளாட்சித் திவால்களில் அதுதான் பெரியது. உங்கள் பில்லில் இன்னும் இருப்பது அதன் மிச்சம்.

பதில் | பெஸ்ஸமர் அக்கா
எங்கள் சர்ச்சில் வயதானவர்கள் இன்றும் அவரைத் திட்ட மாட்டார்கள். "எங்களுக்காக ஏதோ செய்யப் பார்த்தான்" என்பார்கள். அவருடைய தேர்தல் கோஷமே 'ஏதாவது செய்வோம்' என்பதுதானே. உடம்பு முற்றிலும் முடியாமல் போனதால் 2018 டிசம்பர் கடைசியில் விடுவித்தார்கள், 2019 ஜனவரி 8-ல் இறந்துவிட்டார். வயது 72. ஃபேர்ஃபீல்டும் 2020-ல் திவால் மனு போட்டது, பாவம்.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணா, அக்கா. அந்தப் பூங்கா இப்போது இருக்கிறதா, மூடிவிட்டார்களா?

பதில் | ஹூவர்க்காரன்
இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. அலபாமா அட்வென்ச்சர் & ஸ்ப்ளாஷ் அட்வென்ச்சர் என்று தேடுங்கள். அவர் காலத்து மர ரோலர் கோஸ்டர் 'ராம்பேஜ்' அங்கேதான் நிற்கிறது. கடைசிப் பெட்டியில் உட்காருங்கள்.