மறுமொழி: டிஸ்க் குளோனிங்குக்குத் தமிழ்ச்சொல் – ‘பதியம்’னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருக்கிறதை ஓஎஸ்ஸோட (விண்டோஸ் மாதிரி இயங்குதளம்) அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு ஏத்துறதுதான் டிஸ்க் குளோனிங், அதுக்குத் தமிழ்ச்சொல் தேடுற இந்த இழை நாலு நாளா ஓடுது, இப்பத்தான் முழுசா படிச்சு முடிச்சேன். நகலாக்கம், படியெடுப்பு, வட்டுப்பெயர்ப்பு, இரட்டிப்புன்னு நாலு சொல் வந்திருக்கு, குளோனிங்னே விட்டுருவோம்னும் ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கீங்க. நானும் ஒண்ணு சொல்ல வர்றேன். ஆனா முதல்ல வேலையைச் சொல்லிடறேன், ஏன்னா எந்த வேலைக்குச் சொல் தேடுறோம்ங்கிறது இழையில எங்கயும் தெளிவா வரலைன்னு எனக்குப் படுது.

போன கார்த்திகை, சிவகாசில எங்க மச்சான் வச்சிருக்கிற டிடிபி சென்டர். காலண்டர் வேலை தலைக்கு மேல ஓடிட்டிருக்கிற நேரம். அவரோட பழைய விண்டோஸ் 7 மெஷின்ல 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் டக்கு டக்குன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. சர்வீஸ்காரர் வந்து பாத்துட்டு, புது டிஸ்க் மாட்டி ஃப்ரெஷ்ஷா ஓஎஸ் போட்டுரலாம்ணேன்னுட்டார். மச்சான் முகத்துல ஈயாடல. அந்த மெஷின்ல பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் இருக்கு, யூனிகோடுக்கு முந்தின பழைய தமிழ் ஃபான்ட் ஒரு மூட்டை இருக்கு, அந்த ஃபான்டுக்குன்னே ஒரு கீபோர்டு சாஃப்ட்வேர் இருக்கு, அதோட சிடி எப்பவோ தொலைஞ்சு போச்சு, பதினஞ்சு வருசத்து டிசைன் எல்லாம் அந்த ஃபான்ட்லதான் நிக்குது, ஃபான்ட் போனா பழைய ஃபைலைத் திறந்தா வெறும் கோணல் எழுத்துதான் வரும். அவருக்கு வேணும்கிறது ஃபைல் காப்பி இல்ல. அந்த மெஷின் அப்படியே, டெஸ்க்டாப்ல ஐகான் இருந்த இடத்துல ஐகான் இருக்க, புது டிஸ்க்ல எந்திரிச்சு நிக்கணும்.

இதுக்குத்தான் நாம சொல் தேடுறோம். காப்பிக்கு இல்ல, பேக்கப்புக்கும் இல்ல.

வேலை பெரிசு இல்ல. புது 1 டிபி டிஸ்க்கை இன்னொரு சாட்டா கேபிள்ல மாட்டி, குளோன்சில்லாவை பென் டிரைவ்ல போட்டு, அதுலருந்தே மெஷினைக் கிளப்பி (பூட் பண்ணி) ஓட விட்டேன். அது தைவானோட தேசிய ஹை-பெர்ஃபாமன்ஸ் கம்ப்யூட்டிங் மையத்துல உருவான இலவச சாஃப்ட்வேர். டேட்டா இருக்கிற பிளாக்கை மட்டும் எடுக்கும், காலி இடத்தைத் தொடாது, அதனால 500 ஜிபி டிஸ்க்னாலும் உள்ள இருந்த 200 சொச்சம் ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிருச்சு. இதையே லினக்ஸ்ல இருக்கிற டிடி (dd) கமாண்ட்ல செஞ்சிருந்தா காலியோ நிறைவோ 500 ஜிபியையும் முதல் செக்டார்லருந்து கடைசி செக்டார் வரைக்கும் எழுதித்தான் முடிக்கும்.

தப்பு நடந்தது அதுக்கப்புறம். பழைய டிஸ்க்கைக் கழட்டாம ரெண்டையும் மாட்டின வாக்குலயே நான் ஊருக்குக் கிளம்பிட்டேன். காலைல மச்சான் ஆன் பண்ணா மெஷின் பழைய டிஸ்க்லருந்தே பூட் ஆயிருக்கு, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல புது டிஸ்க் ஆஃப்லைன்னு காட்டியிருக்கு, அவர் ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் குடுத்துட்டார். குடுத்தா என்ன ஆகும்னா, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சிக்னேச்சர் உண்டு, குளோன் பண்ணதால ரெண்டுக்கும் ஒரே சிக்னேச்சர், ஒரே அடையாளத்தோட ரெண்டு பேரை விண்டோஸ் உள்ள விடாது, அதனால ஆன்லைன் குடுத்ததும் புதுசோட சிக்னேச்சரை மாத்தி எழுதிருச்சு. ஆனா விண்டோஸ் எங்க இருக்குன்னு சொல்ற புது டிஸ்க்கோட பூட் பட்டியல் இன்னும் பழைய சிக்னேச்சரைத்தான் தேடிட்டிருக்கு. நான் திரும்பி வந்து பழசைக் கழட்டிட்டு ஆன் பண்ணா கருப்புத்திரை, எரர் கோட். விண்டோஸ் டிவிடி போட்டு பூட் பட்டியலைத் திரும்பக் கட்டி எழுப்ப ரெண்டு மணி நேரம் ஆச்சு, பிரஸ்காரங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க.

அப்ப மச்சானுக்கு இதை விளக்கிட்டிருந்தேன். சிக்னேச்சர் கதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அவர் சொன்னார், “அப்ப வேர் புடிச்சதும் தாய்ச்செடியில இருந்து வெட்டி விட்டுறணும்னு சொல்லுங்க மாப்ள. பதியம் போட்ட மாதிரிதான.”

எனக்கு அங்கயே பிடிச்சுப் போச்சு. பதியம் போடுறதைக் கிட்ட இருந்து பாத்தவங்களுக்கு இது புரியும். மச்சான் வீட்டுக் கொல்லையில மல்லிக்கு எங்க அத்தை இப்பவும் செய்றாங்க. தரையோட தாழ்ந்த ஒரு கிளையை வளைச்சு, நடுவுல கணுவுக்குக் கீழ பட்டையைக் கொஞ்சமா சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள்ள அமுக்கி மேல ஒரு செங்கல்லை வச்சிடுவாங்க, நுனி மட்டும் வெளிய நீட்டிட்டிருக்கும். வேர் விடுற வரைக்கும் அது தாய்ச்செடியோட ஒட்டித்தான் இருக்கும், சாறு அங்கிருந்துதான் வரும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு செங்கல்லை எடுத்து, லேசா இழுத்துப் பாத்து, வேர் புடிச்சிருந்தா தாய்ப் பக்கம் வெட்டிட்டு மண்ணோட பேத்து வேற இடத்துல நடுவாங்க. விதைலருந்து வந்த செடி இல்ல அது, அதே செடி. அதே பூ, அதே வாசம்.

நம்ம வேலையை வச்சுப் பாருங்க. புது டிஸ்க் கேபிள்ல பழசோட ஒட்டி இருக்கிறப்பவே எல்லாம் ஏறுது, ஏறி முடிஞ்சதும் பிரிக்கணும், பிரிச்சப்புறம் தானா எழுந்து நிக்கணும். விதை போடுறதுன்னா மறுநிறுவல், அது இங்க இல்லவே இல்ல.

இன்னொண்ணு. குளோன்ங்கிற சொல்லே செடிலருந்து வந்ததுதான். 1903-ல ஹெர்பர்ட் வெப்பர்ங்கிற அமெரிக்கத் தாவரவியலாளர், ஒட்டு, பதியம், போத்து இந்த மாதிரி விதையில்லாம பெருக்குற செடிகளுக்கு ஒரு பொதுச்சொல் வேணும்னு கிரேக்கத்துல சுள்ளி, கிளைன்னு பொருள்படுற சொல்லை எடுத்து வச்சார். ஆடு, மனுஷன், கம்ப்யூட்டர் எல்லாம் பின்னாடி வந்து ஏறிக்கிட்டது. அவங்க தோட்டத்துலருந்து எடுத்ததை நாம ஏன் ஜெராக்ஸ் கடைலருந்து எடுக்கணும்?

இனி வந்த சொற்களுக்கு வர்றேன்.

> நகலாக்கம் போதும், எல்லாருக்கும் புரியும்.

புரியும்ங்கிறது உண்மை. ஆனா நகல்னா நம்ம காதுல அசலுக்கு ஒரு படி கீழ. தாலுகா ஆபீஸ்ல நகல் குடுத்தா அசல் எங்கன்னுதான் கேப்பாங்க. குளோன் பண்ண டிஸ்க் அசலுக்குக் கீழ இல்ல, நாளைலருந்து அதுதான் அசல். ஒரு சின்ன விஷயம், அரபில இந்தச் சொல்லுக்கு எழுதி எடுக்கிறதுங்கிற பொருளோட இடம் மாத்துறதுங்கிற பொருளும் சேந்தே இருக்கு, நம்ம வேலைக்கு அது கச்சிதம்தான், ஆனா தமிழுக்கு வந்தப்ப அந்தப் பாதி கூட வரல. வராத பொருளை இப்ப ஏத்த முடியாது.

> படியெடுப்பு பழைய சொல், கல்வெட்டுத் துறையில் இருக்கிறது.

அக்கா, இதை நான் ரொம்ப மதிக்கிறேன், பதியம்னு காதுல விழாம இருந்திருந்தா இதுக்குத்தான் கை தூக்கியிருப்பேன். இதை விட வேண்டாம், வேற இடத்துல வைப்போம். கல்வெட்டை மசிப்படி எடுக்கிறப்ப கல்லைக் கழுவி, நனைச்ச தாளை மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறக்கி, மேல மை ஒத்துவாங்க. கல்லுல இருக்கிற வெடிப்பு, பொரிஞ்ச இடம் எல்லாம் அப்படியே தாள்ல வரும், எடுக்கிறவருக்கு எழுத்து படிக்கத் தெரியணும்னு கூட இல்ல. டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலா எடுத்து வைக்கிற இமேஜ் இதுதான். சுருட்டி அலமாரில வைக்கலாம், தேவைப்படுறப்ப விரிக்கலாம், ஆனா தாள் கல்லாகாது, இமேஜ் தானா பூட் ஆகாது. அதனால டிஸ்க் இமேஜுக்கு ‘வட்டுப்படி’ன்னு வச்சுக்குவோம், படிமம்னு வச்சா போட்டோவோட குழம்பும்.

ஆர்சிங்க் (rsync)ங்கிற காப்பி கருவி மாதிரி ஃபைல் ஃபைலா எடுத்து வைக்கிறது இன்னொண்ணு. அது ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுற மாதிரி. ஒவ்வொரு ஏடா வாசிச்சு புது ஏட்டுல எழுதுறோம், புது ஏடு நீளமோ குட்டையோ வரி மாறி விழும், ஆனா நூல் அதே நூல். லினக்ஸ்ல இப்படி மாத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் செய்வேன், ஆனா அப்படிச் செஞ்சா பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிச்ச பகுதி) நாமதான் போடணும், எந்தப் பகுதி எங்க சேரும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல பகுதியோட அடையாள எண்ணை (யூயூஐடி) திருத்தணும், லினக்ஸைக் கிளப்பி விடுற கிரப்பைத் திரும்பப் போடணும். அதுக்குப் ‘பெயர்த்தெழுதல்’ பொருந்தும். இழையில ‘வட்டுப்பெயர்ப்பு’ன்னு சொன்ன தம்பி, நீங்க மனசுல வச்சது இதுவா இருந்தா நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான் நிக்கிறோம்.

இரட்டிப்பு எனக்கு ஒட்டல. சம்பளம் இரட்டிப்பு, வட்டி இரட்டிப்புன்னுதான் காதுல விழுது.

> கடையில் எல்லோரும் ‘கோஸ்ட் போடறது’ என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் எந்தத் தமிழையும் ஏற்க மாட்டார்கள்.

ஐயா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைல நானும் கேட்டிருக்கேன், “ஓஎஸ் போடவா கோஸ்ட் போடவா”ன்னு. நியூசிலாந்துல 1995 வாக்குல வந்த கோஸ்ட்ங்கிற குளோன் சாஃப்ட்வேர் பேர் அப்படியே வினையா நின்னுருச்சு. ஆனா அதைக் கவனிங்க, ‘போடு’ங்கிற வினை ஏற்கனவே அங்க இருக்கு. கோஸ்ட் போடு, பதியம் போடு. பெயரை மட்டும் மாத்துனா போதும், வாக்கியம் மாற வேண்டாம். நகலாக்கம் செய், படியாக்கம் செய்னு ‘ஆக்கம்’ சேக்கிற சொல் எதுவும் கடைக்குள்ள நுழையல, காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

> பதியம் என்றால் பதிவு, பதிவேற்றத்தோடு குழம்பாதா?

நேத்து ராத்திரி நண்பர் ஒருத்தர்கிட்ட போன்ல பேசினப்ப இதைக் கேட்டார். பதிவு, பதிவிறக்கம், பதிவேற்றம்னு ஏற்கனவே ஒரு கும்பல் இருக்கு, சரிதான். ஆனா எல்லாம் பதிங்கிற ஒரே வேர், மண்ணுல பதிக்கிறதும் வட்டுல பதியிறதும் தூரத்து உறவு இல்ல. செயலின்னு பிராசசருக்கு வச்சிருந்ததை மொபைல் ஆப்புக்குத் தூக்கிக் குடுத்து இன்னிக்கு ரெண்டுக்கும் அதே சொல் புழங்குதே, அந்த அளவு குழப்பம் இதுல வராது.

அவர் சொன்ன இன்னொரு குறையை நான் அப்படியே ஏத்துக்கறேன். புது டிஸ்க்குக்கு ‘பதியவட்டு’ன்னு வச்சிருந்தேன், திரைல வேகமா படிச்சா ‘புதியவட்டு’ன்னு படுது. இந்த வேலைல எந்த டிஸ்க்லருந்து எந்த டிஸ்க்குக்குங்கிறதுல கண்ணு பிசகுனா முடிஞ்சது, டிடில எதுலருந்துங்கிற இஃப் (if), எதுக்குங்கிற ஓஎஃப் (of) ரெண்டும் மாறிட்டா காலி டிஸ்க் போய் நிறைஞ்ச டிஸ்க் மேல உக்காந்துரும், திரும்ப வராது. அதனால பழசு தாய்வட்டு, புதுசு சேய்வட்டு. மூலம், இலக்குன்னு வைக்கிறதை விட இது நல்லது. தாயை அழிச்சு அது மேல சேயை எழுதுறதான்னு யாருக்கும் சந்தேகமே வராது.

அளவு விஷயத்துலயும் இந்தச் சொல் தாங்குது. சேய்வட்டு பெரிசா இருந்தா கவலை இல்ல, மிச்ச இடத்தை அப்புறம் விரிச்சுக்கலாம். சிறுசா இருந்தாத்தான் சிக்கல், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்லருந்து 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுறவங்க நிறைய பேர் இங்க இடிச்சுக்கிறாங்க, உள்ள 100 ஜிபிதான் இருக்குன்னாலும் பார்ட்டிஷன் கடைசி வரைக்கும் நீண்டிருந்தா ஏறாது, முதல்ல ஜிபார்ட்டட்ங்கிற பார்ட்டிஷன் கருவில தாயைச் சுருக்கிட்டுத்தான் பதியம் போடணும். அத்தையும் தொட்டிச் செடிக்குக் கிளையைக் கவாத்து பண்ணிட்டுத்தான் வளைப்பாங்க.

புரோகிராம் எழுதுறவங்க கோடைப் பகிர்ந்துக்கிற கிட் (git)ல வர்ற குளோனுக்கு இதை நீட்ட வேண்டாம்னு நினைக்கிறேன். அங்க தாயோட தொடர்பு அறுகிறதே இல்ல, தினமும் அங்கிருந்து புதுசை இழுத்துட்டே (புல் பண்ணிட்டே) இருக்கோம். ஏடிஎம் கார்டு குளோனிங் திருட்டு, அதுக்குப் போலின்னு நல்ல சொல் இருக்கு.

குளோன் கருவி ஒண்ணோட தமிழாக்கத்துல நான் வைக்கப் போற வரிகள் இவைதான், கண்ணால பாத்தாத்தான் சொல் நிக்குதா சாயுதான்னு தெரியும்:

“தாய்வட்டைத் தேர்ந்தெடுக்கவும்.”
“சேய்வட்டில் உள்ள அனைத்தும் அழியும். தொடரலாமா?”
“பதியம் போடப்படுகிறது, 43% முடிந்தது.”
“பதியம் முடிந்தது. கணினியை அணைத்து, தாய்வட்டைக் கழற்றிய பிறகு மீண்டும் இயக்கவும்.”

கடைசி வரி மூல ஆங்கிலத்துல இல்ல, நான் சேத்தது. மச்சான் மெஷின்ல அந்த வரி இருந்திருந்தா அன்னிக்குக் காலைல ரைட் கிளிக் நடந்திருக்காது. ‘போடப்படுகிறது’ங்கிறது கொஞ்சம் முரடா இருக்கு, ‘பதியமிடுகிறது’ன்னு மாத்தலாமான்னு பாக்குறேன், அக்கா நீங்க ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. மத்தவங்க மறுப்பையும் ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள எழுதிடுங்க, திங்கக்கிழமை ஃபைலை அனுப்பணும்.