பைன் பலகையில் சூட்டுக்கோல் ஓவியம்: கோடு சீராக விழ வழி சொல்லுங்கள்

வணக்கம். பைன் பலகையில் சூட்டுக்கோலால் ஒரு பறவையின் இறகுகளை வரைந்துகொண்டிருக்கிறேன். அறுக்கவும் இழைக்கவும் அருமையான மரம். சூடு பட்டால்தான் முரண்டு பிடிக்கிறது. வளர்ச்சி வளையத்தின் வெளிர் பகுதி மென்மையானது. முனை சட்டென்று உள்ளே இறங்கிக் கருக்கிவிடுகிறது. அடுத்திருக்கும் அடர்நிற வரியோ கெட்டி. அதே சூட்டில் கோடு மங்கிப்போகிறது. இறகின் ஒரே கோட்டில் கருப்பும் பழுப்பும் மாறிமாறி வருகின்றன. கணுவை நெருங்கினால் பிசின் இளகி முனையில் கரியாக ஒட்டிக்கொள்கிறது, புகையும் கூடுகிறது.

பைனில் வரைந்து பழகியவர்களே, சூட்டைக் குறைத்து ஒரே கோட்டின்மேல் பலமுறை இழுப்பீர்களா? வரிகள் நெருக்கமாக உள்ள பலகையைத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் தெரிகிறதா? வரைவதற்கு முன் எவ்வளவு நுண்ணிய உப்புத்தாள் தேய்க்கிறீர்கள்? வரி அதிகம் தெரியாத, மென்மையான லிண்டன் மரத்தில் வரைவது எளிது என்பது தெரியும். ஆனாலும் பைனின் வரியழகை விட மனமில்லை.